வேன் நின்றால் வியாபாரம் நிற்கும்

பழைய டீசல் வேனின் கோளாறை அறிந்துகொள்வதும் நம்பகமான பாஸைத் தேடிக்கொள்வதும்

புறக்கோட்டையில் சரக்கேற்றிக்கொண்டு கண்டி வீதியால் ஊர் திரும்பும் வேன்காரர்களுக்குக் கடுகண்ணாவ ஏற்றம் ஒரு பரீட்சை. எஞ்சினில் ஏதும் குறை இருந்தால் அது அங்கேதான் வெளியே வரும். எனக்குத் தெரிந்த பலசரக்கு வியாபாரி ஒருவரின் வேனும் நோன்பு காலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த ஏற்றத்தில்தான் மூச்சுத் திணறியது. கியரைக் குறைத்து, ஓரங்கட்டி, ஒருவாறு மேலே ஏறி வந்து சேர்ந்தார். மறுநாள் ஒரு கராஜில் காட்டினார். பாஸ் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "எஞ்சின் முடிந்துவிட்டது நானா, இறக்கித்தான் செய்ய வேண்டும்" என்றார். எஞ்சின் இறங்கியது. லைனர், பிஸ்டன், ரிங், பெயாரிங் எல்லாம் புதிதாகப் போடப்பட்டன. பதினெட்டு நாள் வேன் கராஜில் நின்றது. செலவு சில இலட்சங்கள்.

வேன் வெளியே வந்தது. அடுத்த பயணத்தில் அதே ஏற்றத்தில் அதே திணறல்.

பிறகு ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனார். அவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் கேள்வி கேட்டார். பின்னர் டீசல் பில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ளே தெரியக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓட்டினார். குழாயில் டீசலோடு காற்றுக் குமிழிகள் ஓடின. பில்டருக்கு மேலே கையால் அமுக்கும் பம்பின் றப்பர் வெடித்திருந்தது. அதை மாற்ற அரை மணித்தியாலமும் சில ஆயிரம் ரூபாவும் போதுமாக இருந்தன. ஆனால் அந்தப் பதினெட்டு நாளில் அவர் வழக்கமாகச் சரக்குப் போட்ட நான்கு கடைகள் வேறொருவரிடம் வாங்கப் பழகிவிட்டன. அதில் இரண்டு கடைகள் இன்றுவரை திரும்பி வரவில்லை.

முதல் பாஸ் களவு செய்தார் என்று நான் சொல்லவில்லை. நண்பரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் ஊகித்தார், ஊகம் பிழைத்தது. எடைபோடாமல் அரிசி வாங்காத நாம், சோதிக்காமல் எஞ்சினைக் கழற்ற ஒப்புக்கொள்கிறோம். பிழை அங்கேதான் இருக்கிறது. ஆகையால் வேன் வைத்திருக்கும் வியாபாரிகள் மனதிற்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றே ஒன்றுதான்: கோளாறு நிரூபிக்கப்பட்ட பின்னரே பாகம் மாற்றப்பட வேண்டும்.

பழைய வேனும் எமது நிலையும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட போதிலும், வரியும் விலையும் சிறு வியாபாரிகளுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தன. எனவே எம்மவர்களில் பலர் இருபத்தைந்து, முப்பது வருடப் பழைய வேன்களையே நம்பித் தொழில் செய்கின்றனர். 'ஷெல்' என்றும் 'டொல்பின்' என்றும் நாம் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ் வேன்கள் இவற்றில் முக்கியமானவை. இவற்றில் வரும் 2எல் எஞ்சின் 2446 சீசீ, 3எல் எஞ்சின் 2779 சீசீ, 5எல் எஞ்சின் 2986 சீசீ அளவுடையவை. நான்கு சிலிண்டர், கம்பியூட்டர் இல்லாத டீசல் பம்ப், எளிய அமைப்பு. ஒழுங்காகப் பராமரித்தால் நீண்ட காலம் உழைக்கக்கூடியவை.

இந்த எளிமையில் எமக்கு ஓர் அனுகூலமும் உண்டு, ஒரு பிரதிகூலமும் உண்டு. கோளாறை அறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பது அனுகூலம். புதிய வாகனம்போல் கம்பியூட்டரில் பொருத்திப் பார்க்க வழியில்லாததால், எல்லாம் மனிதனின் கண்ணிலும் காதிலும் தங்கியுள்ளது என்பது பிரதிகூலம். கண்டவர் எல்லாம் கருத்துச் சொல்ல இதில் இடமுண்டு.

சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

டொக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து கொடுப்பார்? ஆனால் கராஜில் நாம் "வேன் சரியில்லை பாஸ், பாருங்கள்" என்றுதான் சொல்கிறோம். கராஜுக்குப் போகுமுன் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேனை டிரைவர் ஓட்டுவதாயின் அவரிடம் கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

கோளாறு எப்போது வருகிறது? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பின்னரா? சமதரையிலா, ஏற்றத்திலா? வெறும் வேனிலா, சுமையுடனா? திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வளர்ந்ததா? புகை உண்டா, என்ன நிறம்? தண்ணீர், ஒயில் குறைகிறதா, எத்தனை நாளைக்கு எவ்வளவு? கடைசியாக என்ன வேலை செய்யப்பட்டது, கடைசியாக எங்கே டீசல் அடிக்கப்பட்டது?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. டீசல் அடித்த மறுநாளே கோளாறு தொடங்கியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, டாங்கியை. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பலர் கேன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமித்தனர். அவ்வாறு வைத்த டீசலோடு தண்ணீரும் துருவும் சேர்ந்து டாங்கிக்குள் போன வேன்கள் பல. மண்ணெண்ணெய் கலப்பதும் ஆபத்தானது. இந்த வகைப் பம்பின் உட்பாகங்களுக்கு வேறு ஒயில் இல்லை. டீசலே அதற்கு ஒயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லாததால் பம்ப் தேய்ந்துவிடும். லீட்டருக்குச் சில ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்புக்கே செலவழிக்க வேண்டி வரும்.

புகை சொல்லும் செய்தி

எஞ்சின் எம்மோடு கதைக்கும் பாஷை புகை. மூன்று நிறங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. முதலில் எயார் பில்டரைப் பாருங்கள். அடைபட்டிருந்தால் மாற்றுவது மிக மலிவான வேலை. அதன் பிறகுதான் இன்ஜெக்டர் நொசில்கள். அவற்றைச் சோதனை மேசையில் பொருத்தி எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவானமாக விசிறுகிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்ட முடியும். காட்டச் சொல்லுங்கள்.

நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வ் சீல் மட்டும் போயிருக்கவும் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல். சுமையோடு ஓடும்போது தொடர்ந்து வந்தால் ரிங், லைனர் பக்கம் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

வெள்ளைப் புகை இரண்டு வகை. டீசல் வாடை அடித்து, கண் எரிந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. ஹீட்டர் ப்ளக், பம்ப் டைமிங், கொம்பிரஷன் என்பவற்றைப் பார்க்க வேண்டும். வாடையின்றி நீராவிபோல், எஞ்சின் சூடான பின்னரும் தொடர்ந்தால் தண்ணீர் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கெஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பைச் சந்தேகிக்கலாம். குளிரான காலையில் சில நிமிடம் வந்து மறையும் நீராவிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருடாந்த வருமான வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. அதில் தேறுவதற்காகச் சிலர் பம்பிலுள்ள டீசல் அளவு ஸ்குரூவைத் திருகிக் குறைத்துவிடுகின்றனர். சான்றிதழ் கிடைக்கும், வேன் இழுக்காது. புகைப் பரிசோதனைக்குப் பிறகு வேனின் வலு குறைந்திருந்தால் அந்த ஸ்குரூவை எவரும் தொட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆக நான்கு விடயங்கள் வேண்டும்: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், சூடு வேண்டும், டீசல் வர வேண்டும், கொம்பிரஷன் வேண்டும். இந்த வரிசையிலேயே பாருங்கள். மலிவானது முதலிலும் விலை கூடியது கடைசியிலும் இருப்பதைக் கவனிப்பீர்கள்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பெட்டரி. நன்கு சார்ஜ் ஏறிய பெட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருந்தால் ஓல்டனேட்டர் வேலை செய்கிறது. பெட்டரி முனையிலும், பொடியோடு சேரும் ஏர்த் வயரிலும் துருப் பிடித்திருந்தாலும் இதே நோய் வரும். புதுப் பெட்டரி வாங்குமுன் முனைகளைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள்.

நன்றாகச் சுற்றியும் குளிர் நேரத்தில் மட்டும் அடம்பிடித்தால் ஹீட்டர் ப்ளக். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இரவில் நிறுத்தும் வேன்காரர்கள் இதை நன்கறிவர். நான்கில் எது செத்தது என்பதை ஒரு டெஸ்ட் பல்ப் கொண்டு சில நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இரவு நின்ற வேன் காலையில் நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது, ஒருமுறை பிடித்தால் பகல் முழுக்கத் தொல்லையில்லை என்றால், டீசல் லைனில் காற்றுப் புகுவதைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை அமுக்குங்கள். இறுக்கமாக இல்லாமல் பல தடவை தொளதொளவென்று போனால் டீசல் பின்வாங்கியிருக்கிறது. சாவியைத் திருப்பும்போது பம்பிலிருந்து 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள். டீசலை நிறுத்தித் திறக்கும் மின் வால்வின் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் வயரோ வால்வோ பிழை. இதற்காக முழுப் பம்பையும் கழற்றி அனுப்பத் தேவையில்லை.

ஏற்றத்தில் இழுக்காவிட்டால்

வேன் இழுக்கவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தை 'எஞ்சின்'. ஆனால் எஞ்சினே காரணமில்லாத இரண்டு சந்தர்ப்பங்களை முதலில் விலக்குங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை இரண்டும் இல்லையென்றால் டீசல் பாதையை டாங்கியிலிருந்து பம்ப் வரை வரிசையாகப் பார்க்க வேண்டும். டாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டாலும் வேன் திணறும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு சிறிது தூரம் வேன் நன்றாக ஓடினால் காரணம் அதுதான். பின்னர் டாங்கிக்குள்ளே இருக்கும் வலை, டீசல் குழாய்கள், டீசல் பில்டர், கைப்பம்ப். என் நண்பரின் கோளாறு இந்த வரிசையின் கடைசிப் படியில் இருந்தது. வரிசையாகப் பார்த்திருந்தால் ஒரு முற்பகலில் அகப்பட்டிருக்கும்.

டீசல் குறைவால் இழுக்காத வேனில் கறுப்புப் புகை வராது என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். இழுக்காமல் கறுப்புப் புகை கக்கினால் காற்றுக் குறைவு அல்லது நொசில். இழுக்காமல் புகையும் இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு வித்தியாசமே பாஸின் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

சூடேறினால் உடனே நிறுத்துங்கள்

இந்த வேன்களில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருப்பதால் தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் எம்மிடம் குறைவு. சூடு முள் ஏறினால் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று ஓட்டுவது மிகப் பெரிய பிழை. அலுமினிய, வார்ப்பிரும்பு வித்தியாசமின்றி, கொதித்த எஞ்சினில் ஹெட் வளையவும் வெடிக்கவும் கூடும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம்.

சூட்டுக்குக் காரணம் பல. ரேடியேட்டர் மூடியின் றப்பர், வெடித்த ஹோஸ், தளர்ந்த பெல்ட், இறுகிப்போன தேர்மோஸ்டட், வேலை செய்யாத பேன், உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், ஒழுகும் தண்ணீர் பம்ப் என வரிசையாகப் பார்த்த பின்னரே ஹெட் கெஸ்கட்டுக்கு வர வேண்டும். கெஸ்கட் போயிருப்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகும். ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் எழும். ஒயில் பாலும் தேயிலையும் கலந்த நிறமாக மாறும். இவற்றில் ஒன்றும் இல்லாதபோது "கெஸ்கட் போய்விட்டது" என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சூடேறும் வேனுக்குத் தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் எமது நாட்டில் பரவலாக உண்டு. அது வைத்தியம் அன்று. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் கூடக் குடிக்கும், விரைவில் தேயும். உண்மையான கோளாறு மறைந்திருந்து பின்னொருநாள் நடுவீதியில் வெளிப்படும்.

எஞ்சினைக் கழற்றும் முன்

'எஞ்சின் செய்ய வேண்டும்' என்ற தீர்ப்புக்கு முன் கொம்பிரஷன் டெஸ்ட் அவசியம். இந்த எஞ்சின்கள் காற்றை ஏறக்குறைய 22 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கின்றன. அமுக்கம் போனால் எஞ்சின் போயிற்று. அமுக்கம் இருந்தால் எஞ்சினைத் திறக்க அவசரமில்லை. டீசலுக்குரிய கேஜைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களின் அளவையும் தனித்தனியே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கும் நன்றாக, ஒன்றுக்கொன்று அண்மித்து இருந்தால் கோளாறு வேறிடத்தில். ஒன்று மட்டும் மிகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வோ கெஸ்கட்டோ ரிங்கோ என்று தேட வேண்டும். நான்குமே குறைந்தால் பாஸ் சொல்வதை ஏற்கலாம்.

ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்று தோன்றினால், எஞ்சின் ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சிறிது தளர்த்திப் பார்ப்பது பாஸ்மாரின் பழைய முறை. எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தத்தில் மாற்றம் இல்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது.

இன்னொரு முக்கியமான விடயம் டைமிங் பெல்ட். 2எல், 3எல், 5எல் மூன்றிலும் பெல்ட்தான். பொதுவாக 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல வேன்களின் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்ற விளக்கு அதற்காகவே உண்டு. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பாவித்த வேன் வாங்கினால், விற்றவர் என்ன சொன்னாலும் மீற்றர் என்ன காட்டினாலும், பெல்ட்டை முதல் வேலையாக மாற்றிவிட்டு மாற்றிய திகதியை எழுதி ஒட்டுங்கள்.

நல்ல பாஸை எங்கே தேடுவது?

விளம்பரப் பலகையைப் பார்த்துப் போகாதீர்கள். உங்கள் ஊரில் அதே வகை வேனைத் தினமும் ஓட்டிப் பிழைப்பவர்களைக் கேளுங்கள். பாடசாலை வேன் ஓட்டுபவருக்கு ஒரு நாள் வேன் நின்றாலும் பிள்ளைகளின் பெற்றோர் பதில் கேட்பார்கள். பயணிகளை ஏற்றி இறக்குபவருக்கும் அப்படியே. இத்தகையோர் திறமையற்ற பாஸிடம் இரண்டாம் முறை போகமாட்டார்கள். அவர்களிடம் "யார் நல்ல பாஸ்?" என்று கேட்பதைவிட, "செய்த வேலை பிழைத்தபோது அவர் எப்படி நடந்துகொண்டார்?" என்று கேளுங்கள். எவருடைய வேலையும் ஒருநாள் பிழைக்கும். அன்று தொலைபேசியை எடுத்தாரா, எடுக்கவில்லையா என்பதில்தான் ஆளின் நாணயம் தெரியும்.

முதல் தடவையே பெரிய வேலையைக் கொடுக்காதீர்கள். ஒயில் மாற்றுவது, பெல்ட் இறுக்குவது போன்ற சிறிய வேலையைக் கொடுத்து அருகிலிருந்து பாருங்கள். நல்ல பாஸ் ஆசனத்தைத் தூக்குமுன் கேள்வி கேட்பார். உங்களோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். கழற்றிய பாகத்தை உங்கள் கையில் தந்து தேய்வைக் காட்டுவார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்பார். "இது பம்ப் ஆளின் வேலை, அங்கே கொண்டுபோங்கள்" என்று அனுப்பத் தயங்கமாட்டார். பேசியதற்கு மேல் வேலை வந்தால் தொடுமுன் உங்களுக்கு அழைப்பு எடுப்பார்.

தொலைபேசியிலேயே நோயைச் சொல்லி முடிப்பவர், "இதை மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அதை மாற்றுவோம்" என்று உங்கள் பணத்தில் பரீட்சித்துப் பார்ப்பவர், கூலி பேசுமுன் கழற்றத் தொடங்குபவர் ஆகியோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சான்றிதழையும் விசாரிக்கலாம். மொரட்டுவையிலுள்ள 'ஜேர்மன் டெக்' போன்ற நிலையங்களில் பயின்றோரும், என்.வீ.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை பெற்றோரும் இப்போது பல ஊர்களிலும் உள்ளனர். சான்றிதழ் மட்டும் நாணயத்துக்கு உத்தரவாதமாகாது. சான்றிதழே இல்லாத திறமைசாலிகளும் உண்டு. எனினும் இளம் பாஸ் ஒருவரைத் தெரிவு செய்யும்போது அது ஓர் ஆரம்ப அடையாளம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது அபிப்பிராயத்தை எஞ்சின் கழற்றப்படும் முன்னரே பெறுங்கள். கழற்றிய எஞ்சினோடு இன்னொரு கராஜுக்கு ஓட்டிப் போக முடியாது. அந்த நிலையில் உங்கள் பேரம்பேசும் பலமும் கழன்றுவிடும்.

எமது பக்கத்துத் தவறு

பாஸ்மாரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் செலவிட்ட பாஸுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "ஒன்றும் மாற்றவில்லையே" என்று கையை விரிக்கிறோம். பாகம் மாற்றினால்தான் கூலி என்றால், அவர் பாகத்தை மாற்றத்தான் செய்வார். சோதிப்பதற்குத் தனிக் கூலி பேசுங்கள். "என்ன பிழை என்று சான்றோடு காட்டுங்கள், அதற்கு இவ்வளவு தருகிறேன், செய்வதா இல்லையா என்று பிறகு பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையான பாஸுக்கு இதைவிடச் சந்தோஷமான வார்த்தை இருக்காது.

அதேபோல் "நாளைக் காலை வேன் வேண்டும்" என்று நெருக்குவதும் ஊகத்தை வலிந்து வரவழைப்பதாகும். கூலியை மாதக் கணக்கில் கடனாக இழுத்தடிப்பவருக்கு அவசர நேரத்தில் எந்தப் பாஸும் வேலையை விட்டுவிட்டு ஓடி வரமாட்டார். எமக்கு வரவேண்டிய கடனுக்காக நாம் எவ்வளவு அலைகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பாகம், பில், எழுத்து

உதிரிப்பாகத்தை யார் வாங்குவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பஞ்சிகாவத்தையில் ஒரே பாகம் அசல், வேறு கொம்பனித் தயாரிப்பு, ஜப்பானில் கழற்றிய பாவித்த பாகம், போலி என நான்கு விலையில் கிடைக்கும். பாஸிடம் பாக இலக்கத்தை எழுதி வாங்கி, முடிந்தால் அவரோடு சேர்ந்து போய் நீங்களே பணம் செலுத்துங்கள். ஹெட் கெஸ்கட், டைமிங் பெல்ட், பெயாரிங் போன்றவற்றில் மலிவைப் பார்க்க வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

பாவித்த எஞ்சினையே மாற்றுவதாயின், எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளது என்பதை மறவாதீர்கள். எஞ்சின் வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பதியாத எஞ்சினோடு ஓடினால் பொலிஸிலும், விபத்தென்றால் காப்புறுதியிலும், விற்கும்போதும் சிக்கல் வரும்.

பெரிய வேலை என்றால் என்ன வேலை, என்ன கூலி, எத்தனை நாள், எத்தனை மாத உத்தரவாதம் என்ற நான்கையும் எழுத்தில் பெறுங்கள். ஒரு சாதாரண தாளில் இருவரும் கையொப்பமிட்டாலே போதும். உத்தரவாதம் மீறப்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிட வழியுண்டு. மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். கையில் பில்லும் தாளும் இல்லாதவர் அங்கே போய் எதைக் காட்டுவது?

ஒரு கொப்பி போதும்

கடைக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நாம் வேனுக்கு வைத்திருப்பதில்லை. ஒரு கொப்பியில் திகதி, மீற்றர், அடித்த டீசல், ஊற்றிய ஒயில், தண்ணீர், செய்த வேலை, செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். டாங்கியை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய கிலோமீற்றரை அடித்த லீட்டரால் பிரித்தால் ஒரு லீட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரியும். அந்தக் கணக்கு இரண்டு, மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால், கோளாறு வெளியே தெரியுமுன்னரே கொப்பி சொல்லிவிடும்.

வேன் நின்ற நாட்களையும் எழுதுங்கள். உதாரணமாக, நாளொன்றுக்கு 15,000 ரூபா மிச்சம் தரும் வேன் 8 நாள் நின்றால் இழப்பு 120,000 ரூபா. கராஜ் பில்லில் இந்தத் தொகை ஒருபோதும் வராது. ஆனால் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. வருட முடிவில் பில்லையும் இதையும் கூட்டிப் பார்த்தால், வேனை வைத்திருப்பதா விற்பதா என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

என் நண்பர் இன்றும் அதே வேனைத்தான் ஓட்டுகிறார். ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும், அந்த வயதான பாஸ் கொடுத்த ஒரு முழ நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயும் எப்போதும் இருக்கும். கடுகண்ணாவையில் வேன் கொஞ்சம் தடுமாறினாலும் அவர் கராஜுக்கு ஓடுவதில்லை. முதலில் கொப்பியைப் புரட்டுகிறார்.